லைசென்ஸ் இல்லாத தண்டவாளம்

போடிநாயக்கனூரில் சுதந்திரத்தை விரும்பியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் முதலாளி கோட்டைச்சாமியைப் போல அதற்காகத் தொண்டை கிழியப் பேசியவர் இன்னொருவர் கிடையாது. நான் அவருடைய ஜீப்பு டிரைவர். பெயர் தவசி. அவர் பேச்சைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், ஜீப்பு ஓட்டுவது சும்மா ஒத்தாசைக்கு என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வந்து உட்கார்ந்தாரென்றால் ஆரம்பித்துவிடுவார். சைக்கிளுக்கு வருசா வருசம் வரி கட்டித் தகர வில்லை எதற்கு? நாய்க்கு லைசென்ஸ் எதற்கு, அது என்ன லாரி ஓட்டப் போகிறதா? நான் விளைய வைத்த ஏலக்காயை நான் விற்க இத்தனை பேரிடம் கையெழுத்து எதற்கு? மலையிலிருந்து இறங்கினால் செக்போஸ்ட்டில் சாக்கை அவிழ்த்துக் காட்ட நான் என்ன களவாணியா? டீ ஆறிப்போய் ஆடை கட்டும் வரைக்கும் பேசிவிட்டு, "மனுசன சுதந்திரமா விடுங்கடா. அவனவன் பொழப்ப அவனவன் பாத்துக்கிருவான்" என்று முடிப்பார். கடைக்காரர் இன்னொரு டீ போடுவார்.

எல்லாவற்றையும்விட அவருக்கு வயிற்றெரிச்சலைக் கொடுத்தது ரேடியோ லைசென்ஸ். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். எழுபதுகளில் வீட்டில் ஒரு ரேடியோ இருந்தால் தபாலாபீசில் வருசந்தோறும் பணம் கட்டி, ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். "காத்துல சும்மா வர்ற பாட்டக் கேக்கக் காசா? நாளைக்கு மூச்சு விடறதுக்கும் லைசென்ஸ் கேப்பானா?" என்பார் முதலாளி. கேள்வி நியாயமானதுதான். நானே மனசார மண்டையை ஆட்டியிருக்கிறேன்.

அந்த லைசென்சைப் பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். பெயர் ராஜாராம். நல்ல மனிதர், நேர்மையானவர், அதனாலேயே யாருக்கும் பயன்படாதவர். மதுரை பஸ்சில் வந்து இறங்கி முதல் வேலையாக டீ குடிப்பார். அவர் குடித்து முடிப்பதற்குள் போடியில் உள்ள ரேடியோ எல்லாம் ஊமையாகிக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிடும். எங்கள் முதலாளியின் ரேடியோவுக்கு அந்த அவமானம் கூடாது. சிங்கப்பூரிலிருந்து வந்த பெரிய டிரான்சிஸ்டர், தோல் உறை போட்டது. துண்டில் சுற்றி ஜீப்பில் ஏற்றினால் குரங்கணி வழியாக மலைக்குப் போய்விடும். அப்படிப் பல தடவை ஒரு சுதந்திரப் போராட்ட வீரரைத் தலைமறைவாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை எனக்கு உண்டு. கடைசியில் அலுத்துப்போய் முதலாளி அதை எஸ்டேட்டு பங்களாவிலேயே வைத்துக்கொண்டார். மலை ஏறி எந்த இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்?

சரி, இப்போது அந்த மலைக்குப் போவோம். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு மட்டும் முக்கி முனகி ஏறுகிற பாதையில் எங்கள் ஏலத்தோட்டம். டீக்கடையில் அவ்வளவு சுதந்திரம் பேசிய மனிதரின் தோட்டம் எப்படி இருக்கும்? ஆளாளுக்கு இஷ்டம்போல இருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்.

லயத்தில், அதாவது வேலையாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், ஆடு வளர்க்கக் கூடாது. கோழி வளர்க்கலாம், ஆனால் சேவல் கூடாது. விருந்தாளி வந்தால் கங்காணியிடம் சொல்லிவிட்டுத்தான் சோறு போட வேண்டும். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வேலைக்கு வரக் கூடாது, செடியில் மாட்டிக்கொள்ளுமாம். இருட்டிய பிறகு யாரும் கீழே இறங்கக் கூடாது, யானை இருக்கிறது, காட்டெருமை இருக்கிறது, எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான். பச்சைக் காயைக் காய வைக்கிற ஸ்டோருக்கும் சட்டம் உண்டு. தட்டெல்லாம் நிறைந்துவிட்டால் யாரையும் கேட்காமல் வெளியே இருக்கிற அடுப்பை மூட்டிவிட வேண்டும். மூட்டிய பிறகு முதலாளி வந்து திறக்கும்வரை கதவை யாரும் தொடக் கூடாது. சாவி அவருடைய இடுப்பில் இருக்கும்.

சேவல் மேல் அவருக்கு அப்படி என்ன கோபம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. செடியைக் கிளறிவிடும் என்றார். கோழி கிளறாதா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது.

அந்தத் தோட்டத்தில் விடிவதும் சாய்வதும் ஸ்டோர் வாசலில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டின் கையில் இருந்தது. பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுவர்க் கடிகாரம். பெட்டிக்குப் பூட்டு. அந்தச் சாவியும் முதலாளி இடுப்பில்தான். ஸ்டோர்க்காரன் சுடலை அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தண்டவாளத்தை இரும்பால் தட்டுவான். தட்டினால் வேலை தொடங்கும், தட்டினால் முடியும். சூரியனைப் பார்த்து நேரம் சொல்ல எங்கள் மலையில் வழியில்லை. ஏலம் நிழலில் வளர்கிற செடி. அதற்கு மேலே காட்டு மரங்கள், அதற்கும் மேலே மஞ்சு மூட்டம். காய் எடுக்கிற காலத்தில் காலையும் மத்தியானமும் மாலையும் ஒரே சாம்பல் நிறம்தான். குத்தவைத்துச் செடியின் தூரில் காய் பறிக்கிற பெண்களுக்குத் தண்டவாளம் சொன்னதுதான் நேரம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி மாயக்காள். அவள் கூடை நிறைகிற வேகத்துக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. புருசன் மொக்கச்சாமி மரம் சாய்ந்து விழுந்து இறந்துபோனான். ஒரே மகள் செல்லக்கிளி. மலையில் பள்ளிக்கூடம் இல்லாததால் குரங்கணியில் மாயக்காளின் அக்கா சோலையம்மாள் வீட்டில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் மாயக்காள் இறங்கிப் போவாள். இராத்திரி மகளைக் கட்டிப்பிடித்துப் படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்து, சோறு ஊட்டி, மதியத்துக்கு மேல் ஏறி வருவாள். அந்த ஒரு இராத்திரிக்காகத்தான் வாரம் முழுக்கக் குத்தவைத்துக் கிடந்தாள்.

ஆனால் அந்த வருசம் காய் நன்றாக விளைந்திருந்தது. காய் விளைய விளையச் சாயங்காலத்துத் தண்டவாளம் மெதுவாகிக்கொண்டே போனது. அது அடித்து, கூடையை நிறுத்துக் கொடுத்து நிமிர்ந்தால் இருட்டிவிடும். கங்காணி பெரியகருப்பன் பாதையை மறித்து நிற்பார். "இருட்டிருச்சு ஆத்தா. சட்டம் தெரியும்ல? யானை நிக்கும். அடுத்த வாரம் போயிக்க." அடுத்த வாரமும் இருட்டும். அதற்கடுத்த வாரமும் இருட்டும். "மழைக்காலம்ல, பொழுது குறுகிப்போச்சு" என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். கீழே செல்லக்கிளி ஒவ்வொரு சனிக்கிழமையும் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பதாகவும், பெரியம்மா வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை எழுந்திருப்பதில்லை என்றும் குரங்கணியில் சொன்னார்கள். லோடு ஏற்றிக்கொண்டு நான் இறங்கும்போது இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஜீப்புக்குள் அம்மா இருக்கிறாளா என்று எட்டிப் பார்க்கும். 

தீபாவளிக்குத் துணி எடுக்க மாயக்காள் போடிக்கு வந்தவள், துணி எடுக்காமல் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். புருசன் போன பிறகு அவள் தனக்கென்று வாங்கிய முதல் சாமான் அது. கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, தபாலாபீசுல செத்த நிறுத்துங்க. இதுக்கு லைசென்சு வாங்கணும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "ஏ மாயக்கா, இந்த மலையில லைசென்சு வச்சிருக்கிற ஒரு ரேடியோவக் காட்டு பாப்போம். மொதலாளியே வாங்கல."

"அவரு ஆம்பள. எஸ்டேட்டுக்காரரு. அவருகிட்ட எவன் வந்து பிடுங்குவான்?" என்றாள் அவள். "நான் தனியா கிடக்கிறவ. எங்கிட்ட ஒரு நல்ல சாமான் இருந்தா, இது உனக்கு ஏதுன்னு கேக்கத் தெருவுல போறவனுக்கும் உரிமை வந்துருது. சர்க்கார் முத்திரை ஒண்ணு இருந்தா, கைய வைக்கிறவன் கொஞ்சம் யோசிப்பான்ல?"

சுதந்திரத்தைப் பற்றி நான் அதுவரை கேட்ட பேச்செல்லாம் ஒரு திசையிலிருந்து வந்தது. இது வேறு திசையிலிருந்து வந்தது. ஜீப்பை நிறுத்தினேன். புத்தகத்தில் முத்திரை வாங்கி, மஞ்சப்பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த ரேடியோ தோட்டத்துக்குள் வந்தது. ஒரு மரக்கிளையில் தொங்கும், இலங்கை வானொலியிலிருந்து பாட்டாகக் கொட்டும். பெண்கள் பாட்டோடு பாட்டாகக் காய் பறித்தார்கள். கூடை முன்னைவிட வெரசாக நிறைந்ததால் கங்காணியும் கண்டுகொள்ளவில்லை. வில்லங்கம் பாட்டால் வரவில்லை. பாட்டுக்கு நடுநடுவே அந்த அறிவிப்பாளர் வாய் சும்மா இருக்காமல் நேரத்தைச் சொல்லித் தொலைத்தார்.

முதல் நாள், "நேரம் மாலை ஐந்து மணி" என்றார். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். தண்டவாளம் அடிக்கவில்லை. இலங்கையில் கடிகாரம் வேகமாக ஓடுகிறது போல என்று மறுபடி குத்தவைத்தார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்தது, இன்னொன்று தொடங்கி அதுவும் முடியப்போனது. அப்புறம்தான் தண்டவாளம் அடித்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் யாரும் இலங்கையைச் சந்தேகப்படவில்லை. கடிகாரப் பெட்டிக்கு ஏன் பூட்டு என்பதும் சேவல் ஏன் கூடாது என்பதும் கைக்கடிகாரம் ஏன் செடியில் மாட்டிக்கொள்ளும் என்பதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டன. மாயக்காள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். பொழுது குறுகிவிட்டது என்று நினைத்து எத்தனை சனிக்கிழமை திரும்பி நடந்தாள் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்திருப்பாள்.

சனிக்கிழமை வந்தது. ரேடியோ ஐந்து மணி என்றதும் எழுந்தாள். கூடையைக் கொண்டுபோய் நிறுவைக்காரன் முன்னால் வைத்தாள். "இன்னும் மணியடிக்கல" என்றார் பெரியகருப்பன். "எனக்கு அடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். இருட்டவில்லை, அதனால் சட்டப்படி மறிக்க முடியாது. அடுத்த சனிக்கிழமை அவள் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

முதலாளிக்குச் செய்தி போனது. குதித்தார். ரேடியோவைப் பிடுங்கி ஓடையில் வீசு என்றார். பெரியகருப்பன் தலையைச் சொறிந்தார். "மொதலாளி, அவள வெரட்டுனா அத்தன பேரும் அவகூடப் பக்கத்து மலையாளத்தான் தோட்டத்துக்குப் போயிருவாளுக. அவன் எப்பவோ கூப்பிட்டுக்கிட்டிருக்கான். காயி பூராம் செடியிலயே வெடிச்சுப்போகும்."

அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்வது இதுதான் என்று நான் சொல்லவில்லை. 

முதலாளி ஒரு நாள் முழுக்க யோசித்தார். சாயங்காலம் திடீரென்று முகம் பிரகாசமானது. "தவசி! லைசென்சு இல்லாம ரேடியோ வச்சிருக்கிறது குத்தம்டா! சட்டப்படி பறிமுதல் பண்ணலாம்டா!"

சட்டம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவ்வளவு பாசத்தோடு நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்வது போல இருந்தது. லைசென்ஸ் வாங்கினாளா என்று என்னை அவர் கேட்கவில்லை. லயத்துப் பொம்பளை லைசென்ஸ் வாங்கியிருப்பாள் என்று நினைக்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்காததைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

இன்ஸ்பெக்டருக்கு ஆள் போனது. சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது. அன்று விடிந்ததும் முதலாளிக்கு ஒரு ஞாபகம் வந்து தூக்கிவாரிப் போட்டது. பங்களா மேசையில் அவருடைய சிங்கப்பூர் ரேடியோ உட்கார்ந்திருக்கிறது! எங்கே ஒளிப்பது? வேலைக்காரர்களை நம்ப மாட்டார். துண்டில் சுற்றி, தாமே தூக்கிக்கொண்டு போய், ஸ்டோரின் மேல் தட்டுக்குப் பின்னால் அடுப்பின் சூட்டுக் குழாயை ஒட்டிச் செருகி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்தார். போடியில் ரேடியோவை ஒளித்து ஒளித்துப் பழகிய கை. ஆனால் அது கட்டிலுக்கடி இல்லை, காய் சீசனில் ஏலக்காய் ஸ்டோர் என்பது அந்த அவசரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. தட்டெல்லாம் முந்தின நாள் எடுத்த பச்சைக் காயால் நிறைந்திருந்தன.

நான் ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். "எவன்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். நான் மூச்சு விடவில்லை. அந்தத் தோட்டத்தின் சட்டங்களை என்னைப் போல மதித்தவன் யார்?

நாங்கள் போடிக்கு இறங்கிப் போய்க் காத்திருக்க, மத்தியான பஸ்சில் ராஜாராம் வந்து இறங்கினார். தம்மை ஒருவர் எதிர்பார்த்து நிற்பது அவர் உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. கண் கலங்காத குறை. "உங்கள மாதிரி பொறுப்பான பிரஜைகள் இருந்தா எங்களுக்கு என்ன சார் கஷ்டம்?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். முதலாளியும் சட்டம் ஒழுங்கு இல்லாமல் நாடு எப்படிக் கெட்டுப்போனது என்று குரங்கணி வரைக்கும் விளக்கினார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால் சிரித்திருப்பேன், சிரித்திருந்தால் மூன்று பேரும் பள்ளத்தில் கிடந்திருப்போம்.

கடைசி வளைவில் திரும்பியதும் ஸ்டோருக்கு மேலே புகை தெரிந்தது. முதலாளி எழுந்து கம்பியில் தலையை இடித்துக்கொண்டார். "எவன்டா அடுப்ப மூட்டுனது?"

"தட்டு நெறைஞ்சா யாரையும் கேக்காம மூட்டச் சொன்னது நீங்கதான, மொதலாளி" என்றேன்.

ராஜாராம் பயந்துபோனார். "என்ன சார், திடீர்னு வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்ல. வாங்க, வெரசா அந்த ரேடியோவப் பாத்துட்டுக் கெளம்புவோம்" என்றார் முதலாளி. ஆனால் பங்களாவில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவரே சொல்லி வைத்த விருந்து. ராஜாராமின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர். எலும்பு எலும்பாக ஆராய்ந்தார், லைசென்ஸ் புத்தகத்தைப் பார்ப்பது போலவே. எதிரில் உட்கார்ந்த முதலாளி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

முதலில் ஸ்டோரிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. அப்புறம் அதற்குள் இன்னொரு வாடை எட்டிப் பார்த்தது. தோலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகுகிற வாடை. சுடலை ஓடி வந்தான். "மொதலாளி, ஸ்டோருக்குள்ள என்னமோ தீயுது! சாவியக் குடுங்க, வெரசாக் குடுங்க!"

முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், சுடலையைப் பார்த்தார், இடுப்பைத் தொட்டார். கதவைத் திறந்தால் காய் பிழைக்கும். காயோடு சேர்த்து அந்தச் சிங்கப்பூர்க்காரரும் வெளியே வருவார். "ஒண்ணும் தீயல. போடா, ஒன் சோலியப் பாரு" என்றார்.

"நாத்தம் குடலப் பொரட்டுதே மொதலாளி! காய் பூராம் பிடிச்சுக்கிருமே!"

"போடாங்கிறேன்ல!"

ராஜாராம் விரலைச் சூப்பியபடி மூக்கை உறிஞ்சினார். "ஏலக்காய் காயும்போது இப்படியா சார் மணக்கும்?" முதலாளி, "பச்சையில அப்பிடித்தான்" என்றார்.

கை கழுவி, வெற்றிலை போட்டு, தோட்டத்துக்குள் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் எழுந்து நின்றார்கள். ரேடியோ கிளையில் பாடிக்கொண்டிருந்தது. ராஜாராம் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, இது யாருது? லைசென்ஸ் இருக்கா?"

மாயக்காள் கூடையை இறக்கி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு மஞ்சப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். ராஜாராம் புரட்டினார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். நல்ல கோழிக்குழம்புக்கு மேல் இப்படி ஒன்றா என்று அவர் முகம் மலர்ந்தது. "சார்! பக்காவா இருக்கு சார்! குரங்கணிக்கு மேல லைசென்ஸ் உள்ள ஒரே ரேடியோ இதுதான். இந்தம்மா மேலயா புகார் குடுத்தீங்க?"

 அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. "நேரம் மாலை ஐந்து மணி" என்றார் இலங்கை அறிவிப்பாளர்.

ராஜாராம் மணிக்கட்டைப் பார்த்தார். "சரியாச் சொல்றான். ஏம்மா, உங்களுக்கு எத்தன மணி வரைக்கும் வேலை?"

"அஞ்சு வரைக்கும்னுதான் மொதலாளி உத்தரவு சார்" என்றாள் மாயக்காள்.

"அப்ப இன்னும் மணி அடிக்கலையே?"

பெண்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி ஸ்டோரைப் பார்த்தார். புகை இப்போது கறுப்பாக வந்தது. இந்த மனிதர் மலையை விட்டு இறங்கினால்தான் கதவைத் திறக்க முடியும். "ஏலே சுடலை! மணிய அடிடா! அடிச்சுத் தொலைடா!" என்று கத்தினார்.

சுடலை அடித்த அடியில் தண்டவாளம் அறுந்து விழும்போல ஆடியது. அந்தக் காய் சீசனில் ஐந்து மணிக்கு ஐந்து மணி முதல் தடவையாக அடித்தது அன்றைக்குத்தான்.

நான் ஜீப்பைத் திருப்பினேன். மாயக்காள் பையை எடுத்துக்கொண்டு பாதையில் நடந்தாள். "ஏம்மா, கீழதான போறீங்க? ஏறிக்கங்க" என்று ராஜாராம் நகர்ந்து இடம் விட்டார். முதலாளிக்கு மறுக்க நேரமில்லை, ஸ்டோரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். வேட்டி தடுக்கியது.

குரங்கணிப் பாலத்துக்கு வந்தபோது நல்ல வெளிச்சம். செல்லக்கிளி கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. அப்புறம் "ஆத்தா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் பிரேக்கை அழுத்தினேனா ஜீப்பே நின்றதா தெரியாது. மாயக்காள் அழுதாள். நானும்தான் அழுதேன், இதில் என்ன வெட்கம். ராஜாராம் மட்டும் வெற்றிலை காறிவிட்டது என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் திரும்பி மேலே போனபோது ஸ்டோர்க் கதவு திறந்து கிடந்தது. சிங்கப்பூர் ரேடியோ வெல்லப்பாகு மாதிரி உருகித் தட்டுத் தட்டாக ஒழுகியிருந்தது. தோல் உறை அப்பளமாகியிருந்தது. காய் நல்ல பச்சையாகத்தான் காய்ந்திருந்தது. மூக்கைத்தான் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. ஏலக்காய் அப்படித்தான், பக்கத்தில் எது மணந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஆனாலும் முதலாளி அதை மூட்டை கட்டிப் போடிக்கு ஏலத்துக்குக் கொண்டுபோனார். மாதிரித் தட்டு ஒவ்வொரு வியாபாரியாகக் கை மாறியது. ஒவ்வொருவராக முகர்ந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் மரியாதையாகக் கேட்டார். "அண்ணே, இத ஸ்டோர்ல காய வச்சீங்களா, செருப்புக் கடையில காய வச்சீங்களா?" விலை கேட்க ஒரு நாதி இல்லை. எது தீய்ந்தது என்று சொல்லவும் வழியில்லை, சொன்னால் லைசென்ஸ் இல்லாத ரேடியோ வெளியே வரும். திரும்பி வரும்போது ஜீப்பில், "இவனுகளுக்கெல்லாம் ஒரு சட்டம் போடணும்டா. கொண்டாந்த சரக்க வாங்கித்தான் ஆகணும்னு" என்றார். "விட்ருங்க மொதலாளி. அவனவன் பொழப்ப அவனவன் பாத்துக்கிறான்" என்றேன். 

அதற்கப்புறம் தண்டவாளம் ஒழுங்காக அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? லயத்தில் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ். வருசந்தோறும் மாயக்காள் எல்லாப் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு வருவாள். இந்தியாவிலேயே சட்டத்தை அவ்வளவு மதித்த லயம் வேறு இருந்திருக்காது. செல்லக்கிளி சனிக்கிழமை சனிக்கிழமை அம்மாவைப் பார்த்து வளர்ந்து, போடியில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

சில வருசங்கள் கழித்து, எண்பதுகளின் நடுவில், இனிமேல் ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சர்க்கார் அறிவித்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் அத்தனை வருசம் பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டதல்லவா? ஒரு பெரிய டப்பா நிறைய மிட்டாய் வாங்கிக்கொண்டு மலைக்கு வந்தார். நிறுவைக்கு முன்னால் பெண்களைக் கூட்டி, தம் கையாலேயே ஆளுக்கொன்று கொடுத்தார். "சுதந்திரம் கெடச்சிருச்சு ஆத்தா! இனி எவனும் ஒங்க ரேடியோவத் தொட முடியாது!"

கொடுத்து முடித்த கையோடு பெரியகருப்பனிடம் திரும்பினார். "நாளையிலிருந்து தோட்டத்துக்குள்ள ஒரு ரேடியோவும் வரப்படாது. லைசென்சு இல்லேன்னா கண்ட நாயும் வாங்கிட்டு வந்துரும். ஒரு ஒழுங்கு வேணும்ல?"

பெண்களின் முகம் செத்துவிட்டது. மிட்டாய் கையிலேயே இருந்தது. காய் அந்த வருசமும் நன்றாக விளைந்திருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். இனிக் காட்டுவதற்கு முத்திரையும் கிடையாது, மலை ஏறி வர ராஜாராமும் கிடையாது.

மாயக்காள் மிட்டாயை வாயில் போட்டு மென்று முழுங்கினாள். "மொதலாளி, ஒரு சந்தேகம். ரேடியோ கேக்கிறவளுக்கு லைசென்சு வேணாம்னுட்டாக, சரி. தண்டவாளம் அடிக்கிறவுகளுக்கு எப்ப லைசென்சு கொண்டு வருவாக?"

 பதில் கிளையில் தொங்கிய ரேடியோவிலிருந்து வந்தது. "நேரம் மாலை ஐந்து மணி."

மாயக்காள் கூடையை நிறுவையில் வைத்துவிட்டு ரேடியோவைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் ஒருத்தி போனாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும். பெரியகருப்பன் மறிக்கப் போனவர் ஒதுங்கி வழிவிட்டார். பாதி தூரம் போன பிறகுதான் சுடலைக்குச் சுரணை வந்து ஓடிப்போய் மணி அடித்தான். அதைக் கேட்க அங்கே நின்றது முதலாளி ஒருவர்தான், காலி மிட்டாய் டப்பாவோடு.